காலடியில் வைத்த விளக்கு

நவம்பர் மாதம். மூன்று மணிக்கே வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. தெர்சில்லா தன் பழைய வேனை வால்ஃப்ரெத்தா மடாலயத்தின் வாசலில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்தாள். அதை நம்ப முடியாது என்பதால் இறங்கி, பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லையும் உதைத்துத் தள்ளினாள்.

கல்தான் அவள் தொழில். அப்ருட்ஸோ மலைகளில் பூகம்பம் உலுக்கிப்போட்ட கோவில்களை, தூண் தூணாகப் பிரித்து மறுபடி நிறுத்துகிற வேலை. இருபத்தாறு வருஷமாகச் செய்கிறாள். கோவிலுக்குள் காலணியோடு போவாள், சாரத்தில் ஏறி நின்று சிகரெட் பிடிப்பாள், பாதிரியார் யாராவது முகம் சுளித்தால், "உங்க ஆளு வீட்டை ஒழுகாம வெச்சிருக்கறது நான்தான்" என்பாள்.

இன்றைக்கு அவள் வேலைக்காக வரவில்லை. மடத்தின் தலைவர் கவுதென்சியோ சாமி காலையில் தொலைபேசியில் பேசியிருந்தார். பேச்சு அரை நிமிஷம்கூட இல்லை.

"உன் தம்பி தூங்கறதில்லம்மா. இன்னியோட இருபது நாள். நான் சொன்னா கேக்கல. நீ வந்து இழுத்துட்டுப் போ."

கதவைத் திறந்தவரும் அவரேதான். எழுபது வயது, ஒட்டகச்சிவிங்கி போன்ற கழுத்து, கறுப்பு அங்கியின் மேல் சமையல்காரனின் வெள்ளைத் துணி.

"என்ன சாமி, தலைவர் வேலையிலேருந்து சமையலுக்கு இறக்கிட்டாங்களா?"

"சமையல் செஞ்ச எவுசேபியோ போன மாசம் போயிட்டான். மிச்சம் அஞ்சு பேர். அதுல ஒருத்தருக்குக் கண் தெரியாது, ஒருத்தருக்குக் காது கேக்காது, ஒனோராத்தோவுக்கு ரெண்டும் சரியா இருக்கு, ஆனா எப்பவும் தூக்கம். உள்ள வா. சூப் இருக்கு. நல்லா இருக்காது."

சாப்பாட்டுக் கூடத்தில் ஆறு இடங்கள் போட்டிருந்தன. ஆறாவது இடத்தில் ரொட்டி, ஒரு குவளை திராட்சை ரசம், நடுவில் சின்ன மரச்சிலுவை. இறந்தவருக்கு முப்பது நாள் சாப்பாடு வைப்பார்கள். பிறகு அதை எடுத்து ஊர் ஏழைக்குக் கொடுத்துவிடுவார்கள். புனித ஆசீர்வாதப்பர் சபையின் பழைய வழக்கம். தெர்சில்லாவுக்கு அது தெரியும். இருந்தும் அந்த நாற்காலியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

"நேவியோ எங்கே?"

"தாழ்வாரத்துல. நடந்துட்டு இருப்பான்."

நடு முற்றத்தைச் சுற்றிலும் வளைவுகள் வைத்த தாழ்வாரம். ஒவ்வொரு வளைவுக்கும் இரட்டைத் தூண். தூண்களின் தலையில் எந்தக் காலத்து ரோமானியக் கோவிலிலிருந்தோ பெயர்த்து வந்து பொருத்திய இலை வேலைப்பாடு. ஒன்றுக்கொன்று பொருந்தாது. தெர்சில்லாவுக்கு எப்போதுமே அது பிடிக்கும். இன்று அவள் தூண்களைப் பார்க்கவில்லை. அவற்றுக்கு இடையில் மெல்ல நகர்ந்து வந்த உருவத்தைப் பார்த்தாள்.

அவள் தம்பிதானா அது?

முப்பத்துநாலு வயது. போன ஈஸ்டருக்கு அவளோடு மல்யுத்தம் போட்டுத் தோற்றவன், தோற்றுவிட்டுச் சிரித்தவன். இப்போது கன்னம் உள்ளே போய், இடது கை அங்கிக்குள் மறைந்து, பார்வை தரையில் பதிந்து, சாய்ந்தாற்போல நடந்துவந்தான். வலது கையில் ஒரு விளக்கு. மரச்சட்டம், நாலு பக்கமும் மெல்லியதாகச் சீவிய மாட்டுக்கொம்பு. எரியவில்லை.

"டேய்."

நின்றான். தலையை நிமிர்த்தவில்லை.

"அக்கா. ஏன் வந்தே?"

"பேசும்போது என் மூஞ்சியப் பாருடா."

"நாங்க தரையத்தான் பாக்கணும். உனக்குத் தெரியும்."

"தெரியும். தரையில என்ன எழுதியிருக்குன்னுதான் தெரியல. கிளம்பு. வேன்ல ஹீட்டர் வேலை செய்யாது, கம்பளி இருக்கு."

"வரமாட்டேன்."

அவன் சொன்ன விதத்தில் கெஞ்சல் இல்லை. சின்ன வயதில் அப்பா பெல்ட்டை உருவியபோதும் அவன் இப்படித்தான் நின்றான். சத்தமில்லாத பிடிவாதம். அதை உடைக்க அப்பாவாலேயே முடிந்ததில்லை.

அவள் அவன் கையைப் பிடித்து விருந்தினர் அறைக்கு இழுத்துப் போனாள். கட்டிலில் தள்ளினாள். விளக்கைப் பிடுங்கி மூலையில் வைத்தாள். ஜன்னல் கதவுகளைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"படு. நான் இங்கேயே உக்காந்திருக்கேன். கண்ண மூடு. எவன் வந்து எழுப்பறான்னு பாக்கறேன்."

நேவியோ கண்ணை மூடினான்.

இமைகளின் மேல் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது.

தெர்சில்லா ஜன்னலைப் பார்த்தாள். சாத்தியிருந்தது. கதவைப் பார்த்தாள். சாத்தியிருந்தது. மூலையில் விளக்கு இருட்டாக இருந்தது. அறையில் வேறு எங்கும் வெளிச்சம் இல்லை. அவன் முகத்தில் மட்டும், கண்ணிலிருந்து கண்ணுக்கு, யாரோ குனிந்து கவனமாகப் பார்ப்பதைப் போல அது நகர்ந்தது. கூடவே ஒரு வாடை. ஆட்டுக்கொழுப்பு உருகும் வாடை, ஈரக் கம்பளியின் வாடை.

அவள் தன் உள்ளங்கையை நடுவில் நீட்டினாள். கையின் மேல் வெளிச்சம் விழவில்லை. அதைத் தாண்டி அவன் முகத்தில்தான் விழுந்தது.

நேவியோ கண்ணைத் திறந்தான். வெளிச்சம் போய்விட்டது.

"இருபது நாளா இப்படித்தான்" என்றான். "பகலா இருந்தாலும் சரி, ராத்திரியா இருந்தாலும் சரி."

அவள் சிகரெட்டை எடுத்தாள். பற்றவைக்க மூன்று தீக்குச்சிகள் ஆயின.

"முதல்லேருந்து சொல்லு."

சொன்னான். விடியலுக்கு முந்தைய செபம் நாலரை மணிக்கு. மனிதன்தானே, தூக்கம் வரும். பழங்காலத்தில் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு துறவி விளக்கோடு ஆசனங்களைச் சுற்றிவருவார். யாராவது தூங்கினால், முகத்துக்கு நேரே வெளிச்சம் காட்டுவார். அப்போதும் விழிக்காவிட்டால் விளக்கைக் காலடியில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். தூங்கியவன் எழுந்து, வணங்கி, விளக்கை எடுத்துக்கொண்டு, அடுத்துத் தூங்குகிறவனைக் கண்டுபிடிக்கும்வரை சுற்ற வேண்டும்.

"நல்ல யோசனைதான். என் ஆளுங்களுக்கும் வைக்கலாம்."

"பல நூறு வருஷமா இங்க அது கிடையாது அக்கா. போன மாசம் இரவுப் படிக்கட்டுச் சுவர் விரிசல் விட்டுச்சு. பூசலாம்னு நான் ரெண்டு கல்ல எடுத்தேன். உள்ளே ஒரு மாடம். அதுல இது."

மேல் மாடித் தூங்கும் கூடத்திலிருந்து நேராகக் கோவிலுக்குள் இறங்குவது அந்தப் படிக்கட்டு. பல நூறு வருஷம் செருப்புகள் தேய்த்துத் தேய்த்து, ஒவ்வொரு படியும் நடுவில் கிண்ணம்போலக் குழிந்திருக்கும். மேல் மாடி எப்போதோ இடிந்துவிட்டது. படிகள் இப்போது பாதி உயரத்தில் வெறும் சுவரில் முட்டி நிற்கின்றன.

"மறுநாள் செபத்துல எவுசேபியோ கண் அசந்துட்டார். முழிச்சுப் பாத்தா காலடியில விளக்கு. எரிஞ்சுட்டு இருந்துச்சு. யார் வெச்சதுன்னு யாருக்கும் தெரியல. அவர் எழுந்து, வணங்கி, எடுத்தார்."

"ஏன்?"

"காலடியில வெச்சா எடுக்கணும்."

"எவன் வெச்சாலுமா?"

"எவன் வெச்சாலும். அதுதான் கீழ்ப்படிதல்."

"நீங்கள்லாம் படிச்ச முட்டாள்கள்டா."

நேவியோ தொடர்ந்து சொன்னான். எவுசேபியோ ஒன்பது நாள் தூங்கவில்லை. விளக்கைக் கிணற்றில் போட்டுப் பார்த்தார். மறுநாள் அது சொட்டச் சொட்ட அவர் ஆசனத்தில் இருந்தது. மாடத்தில் வைத்துச் சுவரை மூடிப் பார்த்தார்கள். காலையில் ஈரச் சுண்ணாம்போடு திரும்பி வந்தது. பத்தாம் நாள் செபத்தில் நேவியோவின் தலை ஒரு கணம் சாய்ந்தது. எவுசேபியோ அழுதுகொண்டே விளக்கை அவன் காலடியில் வைத்தார். போய் உட்கார்ந்தார். உடனே தூங்கிவிட்டார். பிறகு எழவே இல்லை.

"அப்ப நீ யார்கிட்டயாவது தள்ளிவிட வேண்டியதுதானே?" கேட்டுவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள்.

"யார்கிட்ட? ஒனோராத்தோவுக்கு எண்பத்துநாலு வயசு. முதல் திருப்பாடல் முடியறதுக்குள்ள குறட்டை விடுவார். தினமும் அவர் முன்னாடி போறேன். தினமும் பாக்காத மாதிரி தாண்டிப் போறேன். நான் வெளியே போயிட்டா அடுத்தது அவர்தான். ஒரு ராத்திரிகூடத் தாங்கமாட்டார்." அவன் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "என்கிட்ட வந்துச்சுல்ல? என்னோட முடியட்டும். எனக்கு அப்புறம் அது யார்கிட்டயும் போகாது."

"நீ செத்தா அது எங்க போகும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நேவியோ எழுந்து மூலையிலிருந்த விளக்கை எடுத்துக்கொண்டான்.

சமையலறையில் கவுதென்சியோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். தெர்சில்லா மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றாள்.

"டாக்டரக் கூப்பிட்டுக் காட்டினீங்களா? என்ன சொன்னார்?"

"இதயம் இன்னும் மூணு நாள் தாங்கினா அதிகம்னு."

"செபத்த நிறுத்துங்க. யாரும் அங்க உக்காரலேன்னா யாரும் தூங்கமாட்டாங்க."

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்தக் காலத்துல சரசேனியக் கொள்ளைக்காரங்க கோபுரத்துக்குத் தீ வெச்சாங்க. அன்னிக்கும் பாடினோம். ரெண்டு பூகம்பம். கூரை இல்லாம பனியில நின்னு பாடினோம். ராணுவம் எங்கள வெளிய தள்ளிக் கதவப் பூட்டுச்சு, கதவுக்கு வெளிய நின்னு பாடினோம். ஒரு விளக்குக்குப் பயந்து நிறுத்தணுமா? மாட்டேன்."

"உங்க பிடிவாதம், அவன் பிடிவாதம். நடுவுல சாகப்போறது அவன்."

"அதனாலதான் உன்னக் கூப்பிட்டேன். எங்க அஞ்சு பேரையும்விடப் பெரிய பிடிவாதக்காரி நீதான்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள்: "அது யாரு சாமி?"

கவுதென்சியோ வெங்காயத்தைச் சட்டியில் போட்டுக் கிளறினார். பழைய ஏட்டில் நாலே வரிகள்தான் இருக்கின்றன என்றார். கொள்ளைநோய் வந்த வருஷம். மடத்தில் முப்பத்தொரு பேர். நோய் வந்தாலும் நாலரைச் செபம் நிற்கக் கூடாது என்று அப்போதைய தலைவர் ஆணையிட்டார். ஒரு நாள் மாவு கொண்டுவந்த கீழூர்க்காரன் கதவைத் தள்ளிப் பார்த்தான். முப்பது பேரும் ஆசனங்களில் உட்கார்ந்தபடி இறந்திருந்தார்கள். விளக்குக்காரன் மட்டும் நடுவில், தூணில் சாய்ந்து, நின்றபடியே இறந்திருந்தான்.

"ஒவ்வொருத்தர் காலடியிலயும் கொழுப்பு சொட்டின வட்டம் இருந்துச்சாம்" என்றார். "ஒவ்வொருத்தர் முன்னாடியும் வெச்சுப் பாத்திருக்கான். யாரும் எழுந்து எடுக்கல."

சட்டியில் வெங்காயம் கருகியது. இருவருமே கவனிக்கவில்லை.

"இன்னிக்கு நானும் உள்ள உக்காருவேன்" என்றாள் தெர்சில்லா.

"பொம்பளைங்க ஆசனப் பகுதிக்குள்ள வரக்கூடாது."

"சாரம் கட்டி ஏறும்போது வந்திருக்கேனே?"

"சரி, வா. ஆசீர்வாதப்பர் கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கறேன்."

நாலரைக்கு மணி அடித்தது.

கோவில் அவள் அறிந்த கோவில்தான். ஏழு வளைவுகள், அரைவட்டமாக முடியும் பலிபீடச் சுவர், வடக்குப் பக்கம் இரவுப் படிக்கட்டு. ஆனால் இருட்டில் அதன் உயரம் இரண்டு மடங்காகியிருந்தது. மின்விளக்கு ஒன்றே ஒன்று, பாட்டுப் புத்தகத்தின் மேல். ஆசனங்கள் எதிரெதிராக இரண்டு வரிசை. அறுபது பேருக்கானவை. நாலு கிழவர்கள் நாலு இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தெர்சில்லா கடைசி ஆசனத்தில், கையில் சுத்தியலோடு உட்கார்ந்தாள்.

நேவியோ நடுவில் நின்றான். கையில் விளக்கு.

கவுதென்சியோ முதல் வரியைப் பாடியதும் விளக்கு தானே எரிந்தது.

நேவியோ நடக்க ஆரம்பித்தான். செருப்பின் உரசல் கல்தரையில் சீராகக் கேட்டது.

சரக். சரக். சரக்.

இரண்டாவது திருப்பாடலில் தெர்சில்லா இன்னொன்றைக் கேட்டாள்.

வெறுங்கால்.

ஈரக்கால் கல்லில் ஒட்டிப் பிரியும் ஓசை. நேவியோவின் ஒவ்வொரு அடிக்கும் பின்னால், அரை அடி தாமதமாக.

கொழுப்பு வாடை வந்தது. மூச்சு வெள்ளையாக வெளிவர ஆரம்பித்தது. பாடுகிற கிழவர்கள் யாரும் தலையை நிமிர்த்தவில்லை. நால்வரின் பார்வையும் தரையில். நேவியோவின் பார்வையும் தரையில். அவனுக்குப் பின்னால், வெளிச்சம் போய்ச் சேராத தூரத்தில், ஒரு உயரமான கருமை கூடவே நகர்ந்தது.

ஒனோராத்தோவின் குறட்டை கேட்டது.

காலடிகள் நின்றன.

நேவியோ அந்தக் கிழவருக்கு முன்னால் நின்றான். நகர முயன்றான். முடியவில்லை. விளக்கைப் பிடித்த அவன் கை மெல்லக் கீழே இறங்கியது. யாரோ மணிக்கட்டைப் பிடித்து அழுத்துவது போல. அவன் இடது கையால் வலது கையைப் பிடித்து மேலே இழுத்தான். விளக்கு தரைக்கு ஒரு சாண் மேலே ஆடியது.

"மாட்டேன்" என்றான் மெல்ல.

விளக்கு அரைச் சாண் இறங்கியது.

"வைக்கமாட்டேன். கொல்லு. வைக்கமாட்டேன்."

அவன் முழங்கால் மடங்கியது.

தெர்சில்லா சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். சத்தம் கூரைவரை போய்த் திரும்பியது. குனிந்து, அவன் விரல்களுக்கு மேலேயே விளக்கின் பிடியைப் பற்றினாள்.

"தொடாத அக்கா!"

"விடுடா."

"திரும்பிப் பாக்காத! விளக்குக்காரன் திரும்பக் கூடாது!"

"யாரு சொன்னது? நான் உங்க மடத்துலயா சேந்திருக்கேன்?"

பிடுங்கினாள். பனிக்கட்டியைப் பிடித்தது போல உள்ளங்கை எரிந்தது. அவள் நிமிர்ந்தாள். கல்லானாலும் சுவரானாலும் முகத்தைப் பார்க்காமல் அவள் எதையும் தொட்டதில்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம். விளக்கை உயர்த்தினாள்.

திரும்பினாள்.

ஒரு முழத் தூரத்தில் நின்றது.

அங்கி உளுத்துப்போயிருந்தது. அதன் தலைமறைப்புத் துணி முகத்தை மறைத்துத் தொங்கியது. அவள் விளக்கை இன்னும் உயர்த்தி, இன்னும் நெருங்கி, அந்தத் துணிக்குள் வெளிச்சத்தைக் காட்டினாள்.

சின்னப் பையனின் முகம். இருபது வயதுகூட இருக்காது. கழுத்தில் முட்டை அளவு கறுப்பு வீக்கம். உதடுகள் செபத்தை முணுமுணுத்தபடி அசைந்தன.

கண்கள் மூடியிருந்தன.

இமைகளுக்கு அடியில் விழிகள் உருண்டன. கனவு காண்கிறவனின் விழிகள்.

தெர்சில்லாவுக்கு முதலில் வந்தது பயம். வாயைத் திறந்தபோது அது கோபமாக மாறியிருந்தது.

"சாமி!" என்று கத்தினாள். "இவன் தூங்கறான்!"

பாட்டு நின்றது.

"நின்னுக்கிட்டே தூங்கறான்! கொள்ளைநோய் வந்த அன்னியிலேருந்து தூங்கிட்டே நடக்கறான்! நீங்க ஒருத்தராவது தலைய நிமித்தி இவன் மூஞ்சியப் பாத்தீங்களா?"

எவுசேபியோ பார்த்ததில்லை. நேவியோவும் பார்த்ததில்லை. பார்வையைத் தரையில் வைக்கச் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள். முதுகுக்குப் பின்னால் வந்தவனை அத்தனை நாளும் சுமந்தார்கள், திரும்பவில்லை.

அவள் குனிந்தாள். விளக்கை அந்தக் கறுத்த வெறுங்கால்களுக்கு முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு ஒரு அடி பின்வாங்கி, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"உங்க வழக்கம்தானே இது? தூங்கறவன் காலடியில வெச்சாச்சு. எழுந்திரு. எடு."

அசைவில்லை.

"என் தம்பி எடுத்தான். அந்தச் சமையல்காரக் கிழவர் எடுத்தார். யார் வெச்சதுன்னுகூடக் கேக்கல. உன் முறை வந்ததும் எடுக்கமாட்டியா? எடுடா!"

முணுமுணுப்பு நின்றது.

இமைகள் திறந்தன.

அந்தப் பார்வையை அவள் பிறகு யாரிடமும் விவரித்ததில்லை. அடித்து எழுப்பப்பட்ட குழந்தை, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பார்க்குமே, அப்படி இருந்தது என்று மட்டும் சொல்வாள். அது அவளைப் பார்த்தது. ஆசனங்களைப் பார்த்தது. காலடியில் எரிந்த விளக்கைப் பார்த்தது. பிறகு மெல்ல, எலும்புகள் நெரிபட, தரையில் நெற்றி படும்படி குனிந்து வணங்கியது.

விளக்கை எடுத்துக்கொண்டது.

நடந்தது. இந்தமுறை யாருக்கும் பின்னால் அல்ல. தானாக. ஆசன வரிசையைத் தாண்டி, வடக்குப் பக்கம் போய், இரவுப் படிக்கட்டில் ஏறியது. படிகள் சுவரில் முட்டி முடிகிற இடம் வந்தது. மஞ்சள் வெளிச்சம் நிற்கவில்லை. இல்லாத படிகளில் ஏறி, இடிந்துபோன கூடம் இருந்த திசையில், மேலே மேலே போய் மறைந்தது.

ஒனோராத்தோ கண்ணைத் திறந்தார்.

"என்ன, முடிஞ்சிடுச்சா?"

"இல்ல" என்றார் கவுதென்சியோ. "எல்லாரும் எழுந்திருங்க. நின்னுட்டே பாடுவோம். விட்ட வரியிலேருந்து. சத்தமா!"

நாலு கிழவர்களும் எழுந்து நின்று, இடிந்த படிக்கட்டைப் பார்த்து, தொண்டை கிழியப் பாடினார்கள். பார்வை தரையில் இல்லை.

நேவியோ அக்காவின் காலடியில் சுருண்டு கிடந்தான். அவள் மண்டியிட்டு அவன் மூக்கருகே கையை வைத்தாள். மூச்சு வந்தது. கண் மூடியிருந்தது. இமைகளின் மேல் எந்த வெளிச்சமும் இல்லை.

தூங்கிவிட்டான்.

விடிந்ததும் அவளும் கவுதென்சியோவுமாக அவனைத் தூக்கி வேனின் முன் ஆசனத்தில் சாய்த்து, மூன்று கம்பளிகளைப் போர்த்தினார்கள். அவன் விழிக்கவில்லை.

"நீங்களும் வாங்க சாமி. நாலு பேருக்கும் பின்னாடி இடம் இருக்கு. அது திரும்பி வந்துச்சுன்னா?"

"வரட்டும்."

"ஒனோராத்தோ தூங்குவாரே?"

"ரெண்டு பக்கமும் ஆள் உக்காந்து கிள்ளுவோம். நாளைக்கும் நாலரைக்கு மணி அடிக்கும்மா. கேக்கணும்னா ஜன்னலத் திறந்து வெச்சுக்கோ."

அவள் சக்கரத்துக்கு அடியிலிருந்த கல்லை உதைத்துத் தள்ளிவிட்டு ஏறினாள்.

பாதை முழுக்க உறைபனி. லாக்விலா மருத்துவமனைக்கு ஒன்றே கால் மணி நேரம். ஹீட்டர் இல்லாததால் பக்கவாட்டுக் கண்ணாடிகள் வெள்ளையாக உறைந்துவிட்டன. முன்பக்கத்தை மட்டும் சுரண்டி வைத்திருந்தாள். நேவியோ வாயைத் திறந்து குறட்டை விட்டான். அந்தச் சத்தம் அவளுக்கு எந்தப் பாட்டையும்விட இனிமையாக இருந்தது.

மூன்றாவது வளைவில் பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தாள்.

பாதையில் ஒரு மஞ்சள் புள்ளி.

நடந்து வந்தது. அடுத்துத் தூங்குகிறவனைத் தேடுகிற விளக்குக்காரனைப் போல, அவசரமே இல்லாமல்.

அவள் வேகத்தைக் கூட்டினாள். அடுத்த வளைவில் பார்த்தாள். அதே தூரம். அதற்கடுத்த வளைவிலும் அதே தூரம்.

ராத்திரி முழுக்கத் தூங்காதவள் அவள். கண் எரிந்தது. இமைகள் கனத்தன. இடது பக்கம் பள்ளத்தாக்கு. ஒரு கணம், ஒரே ஒரு கணம் தலை முன்னால் சாய்ந்தது, சட்டென்று கொழுப்பு வாடை வண்டிக்குள் வந்தது.

"மாட்டேன்!"

கன்னத்தில் தானே ஓங்கி அறைந்துகொண்டாள். தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். பனிக்காற்று முகத்தில் கத்தியாகக் கீறியது. சாரத்தில் கொத்தர்கள் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. மாமியாரையும் கழுதையையும் பற்றி, கெட்ட வார்த்தைகள் நிறைந்த பாட்டு. அதைப் பள்ளத்தாக்கு எதிரொலிக்கிற அளவுக்குக் கத்திப் பாடினாள். வரிகள் தீர்ந்ததும் முதலிலிருந்து பாடினாள். ஒன்றே கால் மணி நேரம் பாடினாள்.

மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்தியபோது தொண்டையில் குரல் இல்லை. கண்ணாடியில் பார்த்தாள். தெரு, ரொட்டிக்கடை வண்டி, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். மஞ்சள் புள்ளி இல்லை.

இறங்கி, சுற்றிக்கொண்டு தம்பியின் பக்கம் போனாள். கதவின் கைப்பிடியைத் தொடப்போனவள் நின்றுவிட்டாள்.

அந்தப் பக்கத்துக் கண்ணாடி முழுவதும் உறைபனி. நடுவில் மட்டும், உள்ளங்கை அளவு வட்டமாக, பனி உருகியிருந்தது. வெளிப்பக்கத்திலிருந்து. வட்டத்தின் மேல் விளிம்பில் மெல்லிய கரி படிந்திருந்தது. அது நேவியோவின் முகத்துக்கு நேராக இருந்தது. அந்த வட்டத்தின் வழியே பார்த்தபோது உள்ளே அவன் தூங்குவது தெளிவாகத் தெரிந்தது.

கரியை விரலால் தொட்டாள். இன்னும் சூடாக இருந்தது.

தெர்சில்லா திரும்பி, கதவுக்கு முதுகு கொடுத்து, காலை அகட்டி நின்றாள். எதிரே யாரும் இல்லை. அந்த யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, உடைந்த குரலில் சொன்னாள்:

"எவ்வளவு வேணாலும் பாத்துக்கோ. எழுப்ப விடமாட்டேன். நான் முழிச்சிருக்கேன்."